பாட்டன் வெட்டிய மலை: பொகவந்தலாவையில் மூன்று நாள்

கேள்வி இது: கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஆறு பேர் கொண்ட குடும்பம். கூட வருபவர்களில் ஒருவர் 72 வயது அம்மா, இன்னொருவர் எட்டு வயதுப் பையன். அப்பாவின் அப்பா பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். மூன்று நாள் விடுமுறையில் அங்கே போய்ச் சுற்றிப் பார்க்க வேண்டும். முடிந்தால் குடும்பம் எங்கிருந்து வந்தது என்றும் அறிய வேண்டும். எப்போது போவது, எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது?

பதில் நீளமானது, ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடுவோம். மூன்று நாள் என்றதும் கொழும்பில் எல்லோரும் போடும் கணக்கு ஒன்றுதான். ஒரு நாள் சிவனொளிபாதமலை, ஒரு நாள் நுவரெலியா, மிச்சத்துக்கு அருவிகள். அப்படிப் போனால் தோட்டத்தை வேன் கண்ணாடிக்குள்ளால் மட்டும்தான் பார்ப்பீர்கள். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று நீளும் அந்த ஒரு பள்ளத்தாக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளும் அதற்கே போதாது. அதன் நடுவே ஓடும் கெசல்கமுவ ஓயாதான் கீழே மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி ஆறாகிறது. அம்பத்தளையில் அந்த ஆற்றுநீரைச் சுத்திகரித்துத்தான் கொழும்பின் குழாய்களில் பெருமளவுக்கு விடுகிறார்கள். கொட்டாஞ்சேனை வீட்டுக்கும் அந்த மலைக்கும் ஏற்கெனவே தொடர்பு உண்டு, பார்க்கத்தான் போகவில்லை.

காலம்: தை முதல் பங்குனி நடுப்பகுதி வரை. பகல் காய்ந்திருக்கும், இரவு நன்றாகக் குளிரும். மேற்குச் சரிவுத் தேயிலைக்கு வாசனை ஏறும் பருவமும் அதுவே. சித்திரையில் பின்நேரம் இடிமின்னல். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை; வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இந்த நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் சேரும். அந்த மாதங்களில் மண்சரிவால் ரயில் பாதையோ அவிசாவளை – ஹட்டன் வீதியோ மூடப்படுவது புதினமல்ல. ஆனால் தை, மாசியில் வேறொரு தொல்லை உண்டு. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீளும், மலையேறத் தொடங்கும் இடமான நல்லதண்ணிக்குப் போகும் கூட்டத்தில் பெரும்பகுதி ஹட்டன், நோர்வூட் வழியாகத்தான் போகும். போயா தினத்தை ஒட்டிய வார இறுதியில் ஹட்டன் பஸ் நிலையத்தில் வயதான அம்மாவோடு நிற்க முடியாது. செவ்வாய் முதல் வியாழன் வரை போங்கள். தொழிற்சாலை பார்ப்பதற்கும் அந்த நாட்கள்தான் சரி. காரணம் கீழே வருகிறது.

ரயிலில் போவதே நல்லது. கோட்டையிலிருந்து காலை 5.55க்குப் புறப்படும் பொடி மெனிக்கே கண்டிக்குள் நுழைந்து திரும்பி வரும். 8.30 உடரட்ட மெனிக்கே பேராதனையிலிருந்து நேரே மேலேறும். ஹட்டனுக்கு நாலரை முதல் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். நேரங்கள் மாறுவதுண்டு, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை விசாரியுங்கள். ஆசன முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், வெளிநாட்டுப் பயணிகள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே முதல் நாளே பதியுங்கள். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு பஸ் உண்டு. ஆறு பேருக்கு ஒரு சிறிய வேனைப் பேசிக்கொண்டால் இடையில் நின்று நின்று போகலாம். கொழும்பிலிருந்தே சொந்தக் காரில் போவதானால், கைபேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழிகளை நம்ப வேண்டாம். அவற்றில் பாதி தோட்டத்துக் கல்ரோடு, தாழ்ந்த காரின் அடிவயிறு தட்டும்.

தங்குமிடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்கள் பல இன்று ஆடம்பர விடுதிகள். ஹட்டனிலும் டிக்கோயாவிலும் சாதாரண விடுதிகள் கிடைக்கும். சுடுநீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பதியுங்கள்.

இனி, புறப்படும் முன் கொழும்பிலேயே செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலானோர் இதைச் செய்யாமல் போய், "தாத்தா எந்தத் தோட்டம்?" என்ற கேள்விக்கு "பொகவந்தலாவை" என்று பதில் சொல்லி நிற்பார்கள். பொகவந்தலாவை ஒரு தோட்டமல்ல. அதைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல டிவிசன்கள். உங்களுக்குத் தேவை டிவிசன் பெயர். அந்தக் காலத்தில் தனித் தோட்டமாக இருந்தவை பல பின்னர் பெரிய தோட்டங்களோடு சேர்ந்து வெறும் டிவிசன்களாகிவிட்டன. போதாக்குறைக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் இன்னொன்று. பாட்டி சொன்ன பெயரைக் கடதாசியில் தேடினால் கிடைக்காது.

ஆகவே முதலில் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறவுங்கள். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதிக் கடதாசி, எதுவானாலும் சரி. இலக்கம் பொறித்த சிறிய உலோக வில்லை ஒன்று இருந்தால் அதைப் பழைய சாமானோடு எறிந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுத்து அனுப்பிய காலத்தில், எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்று காட்டக் கொடுத்த தகர டிக்கட்டாக அது இருக்கலாம். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் குடும்பத்தில் யாராவது விண்ணப்பித்திருந்தால், அந்தக் கடதாசிக்கட்டு தங்கத்துக்குச் சமம். எத்தனை வருடம் எங்கே வசித்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததால், தோட்டத்தின் பெயர், குடும்பத்தார் பெயர் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியதால்தான் அப்படி ஒரு நிரூபணம் தேவைப்பட்டது. அந்தக் கொடுமையின் மிச்சமாக இன்று நமக்குக் கிடைப்பது அந்தக் கடதாசி.

பிறகு கொழும்பு 7இல் பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிக்கூடத் திணைக்களம். தேசிய அடையாள அட்டையோடு வார நாளில் காலையிலேயே போங்கள், வாசகர் அனுமதி எடுக்க வேண்டும். கேட்க வேண்டியது பெர்குசன்ஸ் சிலோன் டிரெக்டரி. தோட்டம் தோட்டமாக எத்தனை ஏக்கர், உரிமையாளர் யார், பொறுப்பாளர் யார் என்று ஆண்டுக்கு ஆண்டு அச்சிட்ட நூல் அது. உங்கள் தாத்தாவின் பெயர் அதில் இருக்காது. ஒரு தொழிலாளியின் பெயர்கூட இருக்காது. ஆனால் தோட்டத்தின் பெயர் எந்த ஆண்டில் மாறியது, எதோடு சேர்ந்தது என்று பிடித்துவிடலாம். பத்தாண்டுக்கு ஒரு தொகுதி எடுத்துப் பார்த்தால் அரை நாளில் வேலை முடியும். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும், இணையத்தில் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகமும் மலையக வெளியீடுகளுக்கு நல்ல இடங்கள்.

பிறப்புப் பதிவின் பிரதிக்கு அந்தத் தோட்டம் எந்தப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். பதிவு எண் தெரியாவிட்டால் காலப்பகுதி குறிப்பிட்டுத் தேடச் சொல்லலாம். இங்கே பிழைப்பது பெரும்பாலும் பெயரில்தான். தோட்ட நிர்வாகம் அறிவித்த பெயரைப் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதினார். கறுப்பையா, கருப்பையா, கருப்பன் மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம். வீட்டில் கூப்பிட்ட பெயர் பதிவிலேயே இல்லாமலும் போகலாம். ஆகவே பிள்ளையின் பெயரை விட்டுவிட்டுத் தகப்பன் பெயர், தாயின் பெயர், டிவிசன் மூன்றையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

இந்தியாவில் எந்த ஊர் என்ற கேள்விக்குக் கடதாசி பெரும்பாலும் உதவாது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், இந்தப் பகுதிகளிலிருந்துதான் பெரும்பாலானோர் வந்தார்கள். அம்மாவிடம் ஊர்ப் பெயரைக் கேட்டால் "திருச்சிப் பக்கம்" என்பார், அவ்வளவுதான். அதற்குப் பதில் குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். மாரியம்மன், முனியாண்டி என்றால் பயனில்லை, எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஊர்ப் பெயரோ, யாருக்கும் தெரியாத ஒரு சிறு தெய்வத்தின் பெயரோ வந்தால் அது ஒரு தாலுகாவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். பிள்ளைக்கு முதல் மொட்டை எந்தச் சாமிக்கு நேர்ந்தார்கள் என்று கேட்டால் பெயர் தானாக வெளியே வரும்.

பள்ளத்தாக்கில் என்ன பார்ப்பது என்பதற்கு முன் வரலாற்றில் கொஞ்சம். முன்னோடிகள் என்றாலே தொப்பி போட்ட துரைமாரைத்தான் பழைய நூல்கள் காட்டும். 1823இல் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டதிலிருந்து கதை தொடங்கும். டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கக் காடு அதற்கு வெகு பின்னால், 1860களிலும் 70களிலும்தான் வேகமாக வெட்டப்பட்டது. கோடரி பிடித்த கை யாருடையது என்பதில் சந்தேகமில்லை. கங்காணியின் பின்னால் இராமேஸ்வரக் கரையிலிருந்து தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் அவர்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. 2023இல், இருநூறாம் ஆண்டு நினைவாக, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்த நடைபயணம் அந்த வழியைத்தான் திரும்ப நடந்தது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்த பின் வந்தவர்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டு வந்தார்கள். உங்கள் பாட்டன் நடந்தாரா, ரயில் ஏறினாரா என்பது அவர் வந்த ஆண்டைப் பொறுத்தது.

இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வையுங்கள். கோப்பிக்கு ஆள் தேவை அறுவடைக் காலத்தில் மட்டும். வந்து பறித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்களே அதிகம். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது, அடுத்த பதினைந்து ஆண்டில் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1884இல் ஹட்டனுக்கும் வந்தது. அதாவது ரயில் ஹட்டனைத் தொட்டபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து. அதனால் குடும்பத்தோடு ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு லயம் என்ற வரிசை வீடுகள் வேண்டும். குடியேற்றம் என்று சொல்லத்தக்கது அப்போதுதான் நடந்தது.

இதை எங்கே பார்ப்பது? துரைமார் வரலாறு கல்லில் இருக்கிறது, அதைப் பார்ப்பது சுலபம். பொகவந்தலாவையில் சென் மேரீஸ் தேவாலயம். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம். இரண்டும் சிறிய கல் கட்டிடங்கள், இரண்டிலும் கல்லறைத் தோட்டம். வார நாளில் உள்ளே பூட்டியிருந்தால் பக்கத்தில் காவல்காரரை விசாரியுங்கள், திறந்து காட்டியதற்கு உண்டியலில் ஏதாவது போடுங்கள். சென் மேரீஸில் ஜூலியா மார்கரட் கமரனின் கல்லறை இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து 1879இல் இங்கே இறந்தார். வெளிநாட்டார் தேடி வருவது அவருக்காக. நம்மவர்கள் பார்க்க வேண்டியது பக்கத்தில் படுத்திருக்கும் கணவர் சார்ள்ஸ் ஹே கமரனை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு என்று படித்தோமே, அந்தக் கமரன் இவர்தான். அந்த ஆணைக்குழுக் காலத்தில், 1832இல், இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது. கூலி கொடுத்து ஆள் பிடிக்க வேண்டிய நிலை வந்தது, கிராமத்துச் சிங்கள மக்கள் தோட்ட வேலைக்கு வரவில்லை, பாக்குநீரிணைக்கு அப்பால் கங்காணிகள் போனார்கள். கமரனும் பின்னர் கோப்பிக் காணி வாங்கினார், கோப்பி சரிந்த காலத்திலேயே இறந்தார். ஒரு சட்டத்தின் முழு வட்டமும் அந்தச் சிறு கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது.

நம்மவர்களுக்குக் கல்லறை இல்லை. தோட்டத்து மயானத்தில் கல்லெழுத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். அவர்கள் வேலை இருப்பது மலையில், ஆகவே மலையை வாசிக்கப் பழகுங்கள். இதைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவனுக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

முதலில் தேயிலையின் நிறம். ஒரு மலை முழுக்க ஒரே பச்சையாக, ஒரே உயரத்தில், வரிசை பிடித்து இருந்தால் அது வீ.பி. தேயிலை, தண்டு வெட்டி வளர்த்த கன்று. 1960களுக்குப் பின் பரவலாக நட்டது. செடிக்குச் செடி இலையின் அளவும் நிறமும் மாறி, வரிசை கலைந்து இருந்தால் விதைத் தேயிலை. குனிந்து அடிமரத்தைப் பாருங்கள். தொடை பருமனில் முறுக்கேறி, ஒவ்வொரு கவ்வாத்துக்கும், அதாவது செடியைத் தறித்துவிடும் ஒவ்வொரு முறைக்கும், ஒரு முடிச்சு விழுந்து இருக்கும். அவை நூறு ஆண்டைத் தாண்டியவையாக இருக்கலாம், அதாவது தாத்தா பிறக்கும்போதே நின்றவை. அடுத்தது கான்கள், அதாவது மழைநீர் ஓடும் வாய்க்கால்கள். சரிவின் குறுக்கே வெட்டிய சிறு கான்கள், அவை போய் விழும் கல் பாவிய பெரிய கான். கனமழையில் மேல்மண் கழுவிப்போகாமல் இத்தனை காலம் மலையைக் காத்தது அதுதான். கையால் வெட்டியது, கையால் கல் அடுக்கியது. பச்சை விரிப்பைப் படம் பிடிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பிறகு கட்டிடங்கள் நிற்கும் இடம். காட்சி தெரியும் மேட்டில் பங்களா. ஓடையும் காற்றும் கிடைக்கும் இடத்தில் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. மிச்ச இடத்தில் லயம். ஒரு காம்பரா (அறை) பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில், முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசையாக இருந்தால் பழைய அமைப்பு. காலையில் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களம், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பரா, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, கொழுந்து நிறுக்கும் கொட்டில். கன்று வளர்க்கும் இடத்தைத் தவறணை என்பார்கள். கொழும்பில் அந்தச் சொல்லுக்கு மதுக்கடை என்று அர்த்தம் என்பதால் வழி கேட்கும்போது சிரிப்பு வரும்.

கோயிலை விடாதீர்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலைவிட, தொழிற்சாலைப் பக்கமும் மலை உச்சியிலும் இருக்கும் சிறு சாமிகள்தான் சுவையானவை. ரோதைமுனி என்று ஒரு தெய்வம். ரோதை என்றால் சக்கரம். இயந்திரச் சக்கரத்தில் கை கால் போகாமல் காக்க அவருக்குப் பூசை. கவ்வாத்துக் கத்தி எடுக்கும் முன் கவ்வாத்துசாமிக்குப் பூசை. தமிழ்நாட்டில் இவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். இந்த மலையில் பிறந்த சாமிகள். மாசியில் போவதானால் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து எந்தத் தோட்டத்தில் என்று விசாரியுங்கள். மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி மதன் எரிந்து முடியும். கடைசி இரவு முழுக்க ஆட்டம். பத்து மணிக்கு எழும்பிப் போகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது, கூத்து சூடேறுவதே நடுச்சாமத்துக்குப் பின். நெருப்பில் தப்புப் பறையைக் காய்ச்சும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள், குளிருக்கும் நல்லது.

தொழிற்சாலைக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். ஞாயிறு கொழுந்து எடுக்காத தோட்டங்களில் திங்கட்கிழமை அரைப்பதற்கு இலை இருக்காது, வெறும் இயந்திரத்தைப் பார்த்துத் திரும்புவீர்கள். மற்ற நாட்களிலும் பின்நேரம் போகாதீர்கள். பறித்த கொழுந்தை வாட்டும் தொட்டியில் பரப்பி இரவு முழுக்க, பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம், காற்று விட்டு வாட்டுவார்கள். அதனால் உருட்டும் வேலை விடியற்காலையில் தொடங்கும். காலை ஏழு மணிக்கு உள்ளே நின்றால் உருட்டுவது, நொதிப்பது, உலர்த்துவது எல்லாம் ஒரே சுற்றில் பார்க்கலாம், அந்த வாசனையும் அப்போதுதான். நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு இருபத்திரண்டு கிலோ அளவில்தான் தூள் வரும். மலையில் கூடை நிறுப்பதைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கணக்கைப் பையனையே போடச் சொல்லுங்கள். வாங்குவதானால் பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ) தரத் தூள் வாங்குங்கள்; இந்தப் பள்ளத்தாக்கின் தூளைப் பாலில்லாமல் வெறும் தேத்தண்ணியாகக் குடித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

நடப்பதற்கு: பீக்கோ ட்ரெயில் என்ற 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட, 22 கட்டங்களைக் கொண்ட நடைபாதை பழைய தோட்டத்து ரோடுகளை இணைத்து உருவானது. நோர்வூட் – பொகவந்தலாவை, பொகவந்தலாவை – டயகம கட்டங்கள் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வருகின்றன. முழுக் கட்டத்தையும் அம்மாவோடு நடக்க முடியாது. காலை ஏழரைக்கு ஒரு தோட்டத்து ரோட்டில் இறங்கி இரண்டு மணி நேரம் போய்த் திரும்புங்கள். பெரியவர்கள் மணிக்கு மூன்று கிலோமீற்றர் நடப்பார்கள், அம்மாவோடு என்றால் இரண்டு. ரோடு வண்டி ஏறுவதற்காகச் சரிவைச் சுற்றிச் சுற்றிப் போகும், கஷ்டமில்லை. தொழிலாளர்கள் ஏறும் குறுக்குப்பாதை கிட்டத்தட்ட ஏணி. இறங்கும்போது முழங்கால் போய்விடும். பகல் இரண்டு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது, அதற்குள் திரும்பிவிடுங்கள்.

ஆபத்து என்றதும் எல்லோரும் சிறுத்தையைக் கேட்பார்கள். இந்தப் பக்கத் தேயிலைக்குள் சிறுத்தை இருக்கிறது; விடியுமுன்பும் மாலை மங்கிய பின்பும் மலையில் நடக்காமல் இருந்தால் போதும். உண்மையில் பயப்பட வேண்டியது குளவிக்கு. கொழுந்து எடுப்பவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வரும், உயிர் போனதும் உண்டு. கூடு பெரிய மரக்கிளையிலோ பாறை இடுக்கிலோ தேயிலைச் செடிக்குள்ளோ இருக்கும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், பையனைக் கல்லெறிய விடாதீர்கள், சருகு கொளுத்தாதீர்கள். கலைந்துவிட்டால் நின்று கையை வீசாமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். யாருக்காவது மூச்சுத் திணறல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. அட்டைக்கு ஈரச் சவர்க்காரத்தைக் காலுறையின் மேல் தேய்த்தால் பெருமளவு ஏறாது. ஏறியதைப் பிடுங்கி இழுக்காமல் நகத்தால் வழித்து விடுங்கள்.

நீர்த்தேக்கம் அழகுதான், ஆனால் அது இயற்கை ஏரியல்ல. காசல்ரீ அணை 1965இல், மவுஸ்சாகலை 1969இல். மவுஸ்சாகலைக்குள் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது கோயில், விகாரை, பள்ளிவாசல் இடிபாடுகள் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் கூடும். கரையிலிருந்தே பாருங்கள். மேலே காய்ந்து வெடித்த சேறு உள்ளே களியாக இருக்கும், இடுப்பு வரை இழுத்துவிடும். இரண்டு நீர்த்தேக்கத்திலும் குளிக்க இறங்கவே வேண்டாம். சரிவான மலையை நிரப்பிய தண்ணீர், கரையிலிருந்து இரண்டாம் எட்டிலேயே ஆழம்.

இனி ஆட்களைக் கேட்பது. தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, இருக்குமா என்று கேட்கலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனதில் கைமாறிய இடமெல்லாம் கடதாசி தொலைந்தது. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, கோயில் தலைவர், லயத்தில் மூத்த பாட்டி, இந்த மூவரும்தான் உயிருள்ள பதிவேடு. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யாமல், மாலை ஐந்து மணிக்குப் பின் போங்கள். அம்மாவை முன்னால் விட்டுப் பேசச் சொல்லுங்கள். "எங்க மாமனாரு இந்தத் தோட்டத்துல பொறந்தவரு" என்று அவர் தொடங்கினால் வாசல் திறக்கும், நீங்கள் கைபேசியை நீட்டினால் மூடும். சாதியை எடுத்தவுடன் கேட்காதீர்கள். உறவுமுறை பேசப் பேச அவர்களே எல்லாம் சொல்லுவார்கள். பிள்ளைகளுக்கு இனிப்பை வாரி இறைக்காதீர்கள். போகிற வீட்டுக்கு கொழும்பிலிருந்து நல்ல பிஸ்கட் பெட்டியோ பழமோ கொண்டுபோவது உறவுக்காரர் செய்யும் முறை.

"அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது" என்ற பதில் வந்தால் அங்கே நிறுத்த வேண்டாம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்குபோட்டது. மிச்சம் 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டது. ஒரே காம்பராவில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு ஆன கதைகள் எல்லா லயத்திலும் உண்டு. போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், மறுபடி தேயிலையிலேயே குடியேற்றப்பட்டார்கள். எந்த ஆண்டு போனார்கள், யாருக்குக் கடைசியாகக் கடிதம் வந்தது, அந்த உறையில் எந்தத் தபால் முத்திரை என்று கேளுங்கள். பழைய கடிதத்தை யாராவது கோயில் அலுமாரியில்கூட வைத்திருப்பார்கள்.

கேட்டதை அன்றிரவே எழுதுங்கள். பெயர், உறவு, டிவிசன், சொன்னவர் யார் என்று நான்கும். மறுநாள் எல்லாப் பெயரும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

திரும்பும்போது ரயிலுக்குப் பதில் கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக வீதியில் இறங்கலாம். ஆறு கூடவே வரும். கம்பளையில் இறங்கி ஓல்ட் பீகொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் பார்க்க விரும்பினால் ரயில் பாதைதான் வசதி. 2007இல் தொடங்கிய அந்த இடத்தில் லயக்காம்பராவையே காட்சியாக வைத்திருக்கிறார்கள், ஆனால் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். கினிகத்தேனை வழியில் வளைவுகள் அதிகம். பையனை முன் இருக்கைப் பக்கம் ஜன்னலோரம் உட்காரவைத்து, புறப்படுமுன் வயிறு நிறையக் கொடுக்காமல், கையில் ஒரு துண்டு இஞ்சியும் இரண்டு பொலித்தீன் பையும் வைத்துக்கொள்ளுங்கள்.